ஆடுகிறவருக்கு என்ன பங்கு? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டு வருமானத்தில் ஒரு பகுதியை, விளையாடும் மாணவர்களுக்கே நேரடியாகக் கொடுக்கலாம் என்ற சமரச உடன்பாட்டுக்கு 2025 ஜூன் 6 அன்று கலிபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. அதைப் பற்றி இப்பகுதியில் வெளிவந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கல்விக் கட்டணம், விடுதி, உணவு, புத்தகம் எல்லாவற்றையும் இலவசமாகப் பெறும் மாணவருக்கு மேற்கொண்டு பணம் எதற்கு? விளையாட்டைக் கல்வியின் ஓர் அங்கமாகவே நாங்கள் கற்பித்தோம். பணம் நுழைந்தால் அது கெட்டுவிடாதா? (ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், திருநெல்வேலி)

ஐயா, உங்கள் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக்குள் பணம் நுழைந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அதைத் தொடக் கூடாது என்று தடுக்கப்பட்டிருந்தவர் களத்தில் ஆடிய மாணவர் மட்டுமே.

அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டை ஆள்வது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், சுருக்கமாக என்சிஏஏ. ஆண்கள் கூடைப்பந்துத் தொடரை ஒளிபரப்பும் உரிமைக்காக சிபிஎஸ், டர்னர் நிறுவனங்கள் 2010இல் அச்சங்கத்துடன் செய்துகொண்ட 14 ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 1,080 கோடி டாலர். 2016இல் அதை மேலும் எட்டு ஆண்டுகள், 2032 வரை, நீட்டிக்க இன்னொரு 880 கோடி டாலர் பேசப்பட்டது. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து இதைவிடப் பெரிய வணிகம். அதன் ஒளிபரப்பு உரிமையைப் பல்கலைக்கழகக் கூட்டமைப்புகள் தனித்தனியே விற்கின்றன. பிக் டென் என்ற கூட்டமைப்பு மட்டும் 2022இல் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் விலை பேசியது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை இடையில் நீக்கியபோது, எஞ்சிய ஒப்பந்தக் காலத்துக்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7 கோடியே 50 லட்சம் டாலரைத் தாண்டியது. கனெக்டிகட் பல்கலைக்கழகம் 2014இல் கூடைப்பந்துக் கோப்பையை வென்றபோது அதன் முன்னணி ஆட்டக்காரராக இருந்த ஷபாஸ் நேப்பியர், கையில் காசில்லாமல் பட்டினியோடு படுத்த இரவுகள் உண்டு என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அதன் பிறகுதான் உதவித்தொகை பெறும் வீரர்களுக்கு உணவில் வைத்திருந்த வரம்பைச் சங்கம் நீக்கியது.

இலவசக் கல்வியே போதுமான கைம்மாறு என்று சொல்ல வேண்டுமானால், அந்தக் கல்வி உண்மையாகக் கிடைத்திருக்க வேண்டும். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் 1993 முதல் 2011 வரை, வகுப்பே நடக்காமல் ஒரே ஒரு கட்டுரைக்கு மதிப்பெண் வழங்கும் பாடங்களில் 3,100 மாணவர்கள் சேர்க்கப்பட்டிருந்ததை 2014இல் வெளியான விசாரணை அறிக்கை காட்டியது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். இத்தகைய பாடங்கள் விளையாட்டு வீரர்களுக்காக மட்டும் நடத்தப்படவில்லை என்ற காரணத்தைக் காட்டி, சங்கம் 2017இல் பல்கலைக்கழகத்துக்குத் தண்டனை எதுவும் விதிக்காமல் விட்டுவிட்டது. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்ற விதி ஏட்டில் உண்டு. வெளியூர்ப் பயணமும் காயத்துக்கான சிகிச்சையும் அந்தக் கணக்கில் வருவதில்லை. உதவித்தொகையும் நான்கு ஆண்டுகளுக்கு உறுதியாகக் கிடைத்த ஒன்றில்லை. 1973இல் அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் முறைக்கு மாற்றினார்கள். எனவே ஆட்டம் தளர்ந்தாலோ பயிற்சியாளருக்குப் பிடிக்காமல் போனாலோ மறு ஆண்டு அது நின்றுவிடக்கூடும். பல ஆண்டு உதவித்தொகை மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2012இல்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சங்கத்தின் கீழ் ஏறத்தாழ 1,100 கல்லூரிகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் விளையாடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருடைய ஆட்டத்தைக் காண நுழைவுச்சீட்டு வாங்குவோர் சிலரே. சங்கம் வகுத்த மூன்று பிரிவுகளில் கடைசியான மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென உதவித்தொகையே கிடையாது. அங்கே ஆடுபவர்கள் விருப்பத்துக்காக மட்டுமே ஆடுகிறார்கள். நீங்கள் கற்பித்த விளையாட்டு அங்கே இன்றும் கெடாமல் இருக்கிறது. வழக்கும் வாதமும் சில பத்துப் பல்கலைக்கழகங்களின் கால்பந்து, கூடைப்பந்து அணிகளைச் சுற்றி எழுந்தவை. அவற்றைக் காட்டி மற்ற எல்லோரையும் மதிப்பிடுவதும், மற்றவர்களைக் காட்டி அவற்றின் வணிகத்தை மறைப்பதும் ஒரே அளவு தவறு.

கேள்வி: ஊதியத் தடை சட்டப்படி எப்படி இத்தனை காலம் நிலைத்தது? எந்தத் தீர்ப்பில் உடைந்தது? (வழக்கறிஞர், மதுரை)

தடையைக் காப்பாற்றியதும் அதை உடைத்ததும் ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் வந்த வழக்குகளே. தொலைக்காட்சி ஒளிபரப்பைச் சங்கம் தன் கைக்குள் வைத்திருந்ததை எதிர்த்து ஓக்லஹோமா பல்கலைக்கழக ஆட்சிக்குழு தொடுத்த வழக்கில், அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகங்கள் தத்தம் விருப்பப்படி ஒளிபரப்பு உரிமையை விற்று வருமானத்தைப் பெருக்கிக்கொள்ள வழி திறந்த தீர்ப்பு அது. ஆனால் அதே தீர்ப்பில், கல்லூரி விளையாட்டின் தனித்தன்மை காக்கப்பட ஆட்டக்காரர்களுக்குப் பணம் தரப்படக் கூடாது என்ற கருத்தும் போகிற போக்கில் இடம்பெற்றிருந்தது. ஊதியத்தைப் பற்றிய கேள்வியே அந்த வழக்கில் இல்லை. ஆயினும் அடுத்த 37 ஆண்டுகளுக்குச் சங்கத்தின் வழக்கறிஞர்கள் அந்த வரிகளையே கேடயமாகப் பிடித்திருந்தார்கள். வருமானத்தின் கதவைத் திறந்துவிட்ட அதே தீர்ப்பு, உழைத்தவரை வெளியே நிறுத்தவும் பயன்பட்டது எனக்கு இன்றும் நெருடலாக இருக்கிறது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்துக்காக 1995இல் கூடைப்பந்துக் கோப்பை வென்ற எட் ஒபானன், பல ஆண்டுகளுக்குப் பின் நண்பர் வீட்டில் ஒரு வீடியோ கேமில் தன் உருவமும் தன் சட்டை எண்ணும் ஓடியாடுவதைக் கண்டார். அவரிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. ஒரு காசும் தரவில்லை. 2009இல் அவர் தொடுத்த வழக்கில் நீதிபதி கிளாடியா வில்கன் 2014இல் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அதன் வீச்சு குறைந்தது என்றாலும், அன்றாடச் செலவையும் சேர்த்து உதவித்தொகை வழங்குவதைச் சங்கம் தடுக்க முடியாது என்பது நிலைத்தது. அடுத்து வந்தது ஷான் ஆல்ஸ்டன் வழக்கு. 2021 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, கல்வி சார்ந்த சலுகைகளுக்குச் சங்கம் வைத்த உச்சவரம்பு சட்டவிரோதம் என்றார்கள். முதன்மைத் தீர்ப்பை எழுதிய நீல் கோர்சச், சட்டம் கேட்ட அளவுக்கு மேல் போகவில்லை. தனியே எழுதிய பிரெட் காவனா, உழைப்பவருக்கு நியாயமான விலை தராமலிருப்பதே எங்கள் பண்டத்தின் சிறப்பு என்று அமெரிக்காவில் வேறெந்தத் தொழிலும் வாதிட்டுத் தப்பிக்க முடியாது என்ற கருத்தை வைத்தார். பின்னர் வந்த வழக்குகளின் போக்கை அந்தச் சில பக்கங்கள் மாற்றிவிட்டன.

இதற்கிடையில் கலிபோர்னியா மாநிலம் 2019இல் இயற்றிய சட்டத்தைப் பின்பற்றிப் பல மாநிலங்கள் நகர்ந்ததால், 2021 ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திப் பணம் பெறச் சங்கம் அனுமதித்தது. விளம்பரம் என்ற பெயரில் உண்மையான ஊதியம் வேறு வழியாக வரத் தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் வசதிபடைத்த ஆதரவாளர்கள் ‘கலெக்டிவ்’ எனப்படும் குழுக்களை அமைத்து, அணியில் சேருவதற்காகவே பணம் கொடுத்தார்கள். பல்கலைக்கழகம் எதிலும் கையெழுத்திடாததால், வாக்குத் தவறினால் கேட்பதற்கு ஆளில்லை. நெவாடா பல்கலைக்கழக லாஸ் வேகஸ் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக்காக, அதாவது தாக்குதலை வழிநடத்தும் வீரராக இருந்த மேத்யூ ஸ்லூக்கா, தமக்குச் சொல்லப்பட்ட தொகை தரப்படவில்லை என்று கூறி 2024 செப்டம்பரில் மூன்று ஆட்டங்களோடு விலகினார். பல்கலைக்கழகத் தரப்பு அப்படி வாக்குக் கொடுக்கப்பட்டதை மறுத்தது. எழுத்தில் இருக்க வேண்டியது வாய்ப்பேச்சில் இருந்ததன் விளைவு அது.

கடைசியாக வந்ததுதான் நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் பெயரால் அறியப்படும் வழக்கு. ஒபானன், ஆல்ஸ்டன் வழக்குகளை விசாரித்த அதே நீதிபதி வில்கன்தான் இதன் உடன்பாட்டுக்கும் ஒப்புதல் தந்தார். முன்னாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் பத்து ஆண்டுகளில் வழங்கப்பட வேண்டும். உடன்பாட்டில் சேரும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2025-26 கல்வியாண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். விளம்பர ஒப்பந்தம் 600 டாலரைத் தாண்டினால் அதை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

கேள்வி: வருமானம் ஈட்டித் தருபவர்கள் ஆண்கள் என்பதால் பணமும் அவர்களுக்கே போக வேண்டும் என்கிறார்கள். பெண்களுக்கு இதில் நியாயம் எங்கே? (கல்லூரி ஹாக்கி வீராங்கனை, சேலம்)

உங்கள் கேள்விக்கு நேரடி விடை இன்னும் நீதிமன்றத்தில் கிடக்கிறது. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் ‘டைட்டில் நைன்’ சட்டம், உதவித்தொகையை ஆண், பெண் வீரர்களின் எண்ணிக்கை விகிதத்துக்கு ஏற்பப் பகிர வேண்டும் என்கிறது. வருமானப் பங்கும் அந்தக் கணக்கில் சேருமா என்பதுதான் வினா. சேரும் என்று பைடன் அரசின் கல்வித் துறை 2025 ஜனவரியில் விளக்கம் வெளியிட்டது; அடுத்த மாதமே டிரம்ப் அரசு அதைத் திரும்பப் பெற்றது. முன்னாள் வீரர்களுக்கான அந்த 280 கோடி டாலர் இழப்பீட்டில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஆண்களின் கால்பந்து, கூடைப்பந்து வீரர்களுக்குப் போவதை எதிர்த்துப் பெண் வீரர்கள் சிலர் மேல்முறையீடு செய்தார்கள். புதிய வருமானப் பங்கிலும் நான்கில் மூன்று பங்கு அளவைக் கால்பந்துக்கு ஒதுக்கும் வழக்கமே பரவியிருக்கிறது.

சந்தை அப்படித்தான் மதிப்பிடுகிறது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஏனெனில் பெண்களின் ஆட்டம் நேர்மையான சந்தைக்கு நெடுநாள் கொண்டுவரப்படவே இல்லை. 2021இல் சான் அன்டோனியோவில் நடந்த மகளிர் கூடைப்பந்துத் தொடரில் வீராங்கனைகளுக்குத் தரப்பட்ட உடற்பயிற்சிக் கருவிகள் ஓர் அடுக்கு டம்பெல்லும் சில விரிப்புகளும் மட்டுமே. ஆண்களுக்கோ ஒரு பெரிய கூடமே தயாராக இருந்தது. ஓரிகன் அணியின் செடோனா பிரின்ஸ் எடுத்து வெளியிட்ட காணொளி நாட்டையே வெட்கப்பட வைத்தது. அவர் ஹவுஸ் வழக்கின் வாதிகளில் ஒருவரும் ஆவார். அந்தச் சர்ச்சையைத் தொடர்ந்து சங்கமே அமர்த்திய சட்ட நிறுவனம், மகளிர் தொடரின் ஒளிபரப்பு உரிமையைத் தனியாக விற்றால் 2025இல் ஆண்டுக்கு 8 கோடியே 10 லட்சம் முதல் 11 கோடியே 20 லட்சம் டாலர் வரை கிடைக்கும் என்று மதிப்பிட்டது. அதுவரை அது மற்றச் சிறு விளையாட்டுகளோடு ஒரே கட்டாகச் சேர்த்து விற்கப்பட்டு வந்தது. 2024 ஜனவரியில் கையெழுத்தான புதிய ஒப்பந்தத்திலும் அதை 40 தொடர்களில் ஒன்றாகச் சேர்த்துத்தான் விற்றார்கள். அந்த ஏப்ரலில் கெய்ட்லின் கிளார்க் ஆடிய மகளிர் இறுதிப் போட்டியைச் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆண்களின் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் 1 கோடியே 48 லட்சம் பேர். ஆண்கள் தொடரில் வெல்லும் ஆட்டங்களுக்கு ஏற்பக் கூட்டமைப்புகளுக்குப் பணம் பகிரும் முறை பல ஆண்டுகளாக இருக்க, மகளிர் தொடருக்கு அது தொடங்கியது 2025இல்.

கடையைத் திறக்கவே விடாமல் வைத்திருந்துவிட்டு விற்பனை இல்லை என்று சொல்வது நியாயமாகாது. பல்கலைக்கழகம் தனியார் அணி அல்ல. அரசின் பணத்தையும் வரிச் சலுகையையும் பெறும் கல்வி நிலையம். சரிபாதி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா என்பதை நீதிமன்றங்கள் முடிவு செய்யட்டும். வருமானப் பங்கில் மகளிர் கூடைப்பந்துக்கு ஐந்து விழுக்காடு போதும் என்று பரவியிருக்கும் கணக்கை மட்டும் என்னால் எந்த நியாயத்தின் பெயராலும் ஏற்க முடியவில்லை.

கேள்வி: என் மகள் இங்கே பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள்; நல்ல நீச்சல் வீராங்கனை. கால்பந்து வீரர்களுக்குப் பணம் கொடுப்பதால் நீச்சல் போன்ற விளையாட்டுகளை மூடிவிடுவார்கள் என்று எல்லோரும் அச்சுறுத்துகிறார்கள். உண்மையா? (தமிழ்த் தாய், நியூ ஜெர்சி)

அம்மா, ஒரு பகுதி உண்மை. உடன்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு இனி உதவித்தொகையின் எண்ணிக்கையில் வரம்பு இல்லை, அணியின் அளவில்தான் வரம்பு. மகளிர் நீச்சலில் முன்பு 14 பேருக்கு ஈடான உதவித்தொகைதான் கொடுக்க முடியும். இப்போது அணியில் இடம்பெறும் 30 பேருக்கும் முழுமையாகக் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கலாம் என்பது கொடுப்பார்கள் என்று பொருள்படாது. உதவித்தொகை இல்லாமலே அணியில் சேர்ந்து, நான்கு ஆண்டுகளில் வளர்ந்து வந்தவர்களுக்கான இடங்கள் இந்த வரம்பால் குறைந்துவிட்டன. 2025இல் அப்படி நீக்கப்பட்டவர்களை வரம்புக்கு வெளியே வைத்துக்கொள்ள வழி செய்தால் ஒழிய உடன்பாட்டுக்கு ஒப்புதல் இல்லை என்று நீதிபதி வில்கன் பிடிவாதமாக நின்றதால் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு ஓரளவு நிவாரணம் கிடைத்தது. உங்கள் மகளைப் போல இனிச் சேருபவர்களுக்கு அது பொருந்தாது.

ஆனால் குறைப்புக்கெல்லாம் ஊதியமே காரணம் என்று சொல்பவர்களிடம் ஒன்றை நினைவூட்டுங்கள். ஒரு டாலர் ஊதியமும் அனுமதிக்கப்படாத 2020 ஜூலையில், நாட்டின் பெருஞ்செல்வப் பல்கலைக்கழகங்களில் ஒன்றான ஸ்டான்ஃபோர்டு 11 விளையாட்டுகளை நிறுத்துவதாக அறிவித்தது. முன்னாள் மாணவர்களின் எதிர்ப்பும் வழக்குகளும் வந்த பிறகே 2021 மே மாதம் அம்முடிவைக் கைவிட்டது. கால்பந்து ஒளிபரப்பு வருமானத்தைத் துரத்திக்கொண்டு கூட்டமைப்புகள் கலைந்து சேர்ந்ததில், பசிபிக் கரையில் உள்ள அதே ஸ்டான்ஃபோர்டு 2024 முதல் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் ஆடுகிறது. கலிபோர்னியாவின் வாலிபால் மாணவி வாரநாளில் கண்டத்தைக் கடந்து பறந்துபோய் ஆடிவிட்டு வந்து தேர்வு எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம் வீரர்களின் ஊதியம் அல்ல. கால்பந்தை மட்டும் தனித் தொடராகப் பிரித்துவிட்டு, மற்ற விளையாட்டுகளைப் பழையபடி அண்டை மாநிலங்களுக்குள் ஆடவிடலாம் என்ற யோசனை அங்கே பல காலமாகப் பேசப்படுகிறது. அதை விரைவில் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற அமெரிக்க அணியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கல்லூரிகளில் ஆடி வந்தவர்கள். அங்கே நான்கு தங்கம் வென்ற பிரான்சின் லியோன் மர்ஷானும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நீந்தியவர். இந்த அமைப்பு சிதைந்தால் இழப்பு ஒரு நாட்டோடு நிற்காது.

கேள்வி: பணம் கொடுக்கலாம் என்றால் பணக்காரப் பல்கலைக்கழகங்களே எப்போதும் வெல்லும் அல்லவா? (வாசகர், சென்னை)

ஊதியத் தடை இருந்தபோதும் அவைதான் வென்றன. அலபாமா பல்கலைக்கழகம் பயிற்சியாளர் நிக் சேபனின் கீழ் 2009 முதல் 2020 வரை ஆறு முறை தேசியப் பட்டம் வென்றது. அத்தனையும் மாணவர்கள் விளம்பரப் பணம் பெற அனுமதிக்கப்படுவதற்கு முந்தியவை. வீரருக்குத் தர முடியாத பணம் பயிற்சியாளருக்கும் அரண்மனை போன்ற பயிற்சிக்கூடங்களுக்கும் போனது, வசதியுள்ள பல்கலைக்கழகம் அவற்றைக் காட்டி வீரர்களை ஈர்த்தது. உச்சவரம்பு ஒன்று இப்போதுதான் முதல்முறையாக வந்திருக்கிறது. அதை ஆதரவாளர்களின் பணம் சுற்றிவளைத்துத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்பதே இனிமேல் உள்ள சோதனை.

கேள்வி: இவர்கள் தொழிலாளர்களா, இல்லையா? அதைச் சொல்லாமல் பணத்தை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. (முன்னாள் தொழிற்சங்கச் செயலாளர், ஆவடி)

வந்த கடிதங்களில் உங்களுடையதுதான் வழக்கின் வேரைத் தொட்டது, தோழரே. இந்தச் சிக்கல் கோடிகளில் தொடங்கவில்லை, உடைந்த எலும்பில் தொடங்கியது. டென்வர் பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியில் முதுகில் அடிபட்ட எர்னஸ்ட் நெமத் என்ற மாணவருக்கு, அவருக்குத் தரப்பட்ட வளாக வேலை கால்பந்து ஆடுவதோடு பிணைந்திருந்ததால், தொழிலாளர் இழப்பீடு உண்டு என்று கொலராடோ உச்ச நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகங்கள் அஞ்சின. 1955இல் அதே மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். இழப்பீடு கேட்ட அவருடைய மனைவிக்கு, ஆடியே தீர வேண்டும் என்ற ஒப்பந்தம் எதுவும் இல்லாததால் அவர் கல்லூரியின் ஊழியர் ஆகமாட்டார் என்று அதே உச்ச நீதிமன்றம் 1957இல் கூறிவிட்டது. டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்காக 1974இல் ஆடும்போது கழுத்தில் அடிபட்டு உடல் செயலிழந்த கென்ட் வால்ட்ரெப்பின் கோரிக்கையையும் 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிராகரித்தது. அவர் சக்கர நாற்காலியில் கழித்த ஆண்டுகளில்தான் நான் மேலே எழுதிய ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் வளர்ந்தன.

1951 முதல் 1987 வரை சங்கத்தின் செயல் இயக்குநராக இருந்து, இந்த வீரர்கள் மாணவர்களே, ஊழியர்கள் அல்லர் என்ற நிலையைக் கட்டியெழுப்பியவர் வால்டர் பையர்ஸ். ஓய்வு பெற்ற பிறகு, 1995இல் வெளியிட்ட நினைவு நூலில், அந்த அமைப்பு வீரர்களைச் சுரண்டுகிறது என்று அவரே எழுதினார்.

இன்றும் கேள்வி முடியவில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் ஊழியர்களே என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார இயக்குநர் 2014இல் முடிவு செய்தார். 2015இல் வாரியம் இவ்வழக்கைத் தன் அதிகாரத்துக்குள் எடுத்துக்கொள்ள மறுத்து, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் ஒதுங்கியது. டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13க்கு 2 என்ற வாக்கில் தொழிற்சங்கம் அமைக்கத் தீர்மானித்தார்கள். வாரியத்தின் அமைப்பு மாறினால் பாதகமான முன்தீர்ப்பு வரக்கூடும் என்று அஞ்சி அவ்வாண்டின் இறுதியிலேயே மனுவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பொருளாதார உண்மையைப் பார்த்தால் இவர்கள் ஊழியர்களாக இருக்கக்கூடும் என்று ஜான்சன் வழக்கில் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்னது. ஊழியர்களாகக் கருதவே கூடாது என்று சொல்லும் ‘ஸ்கோர்’ சட்டமுன்வரைவு 2025இல் பிரதிநிதிகள் அவையில் கொண்டுவரப்பட்டது.

ஹவுஸ் உடன்பாட்டில் எனக்குள்ள குறை இதுதான். பணத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அந்த வரம்பைப் பேசி முடிவு செய்ய வீரர்களுக்குத் தொழிற்சங்கம் இல்லை. அமெரிக்கத் தொழில்முறை அணிகளிலும் ஊதிய வரம்பு உண்டு, ஆனால் அங்கே வீரர் சங்கங்கள் எதிரே உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்ட வரம்பு அது. அதோடு மருத்துவம், ஓய்வூதியம், குறைந்தபட்ச ஊதியம் எல்லாம் சேர்ந்து வந்தன. பேச்சுவார்த்தை மேசை இல்லாமல் வந்த வரம்பை நான் நியாயமான பகிர்வு என்று சொல்லமாட்டேன். எல்லா மாணவர்களையும் ஊழியராக்கினால் சிறிய கல்லூரிகள் தாங்காது என்பது மெய்யான அச்சம். பென்சில்வேனியாவின் செயின்ட் பிரான்சிஸ் பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் முதல் பிரிவை விட்டு மூன்றாம் பிரிவுக்கு இறங்குவதாக அறிவித்தது. ஆனால் ஒளிபரப்பு வருமானத்தைப் பகிரும் அணிகளுக்கு மட்டும் ஊழியர் நிலையும் கூட்டுப் பேர உரிமையும் தந்துவிட்டு மற்றவர்களை மாணவர்களாகவே விடுவதில் சட்டச் சிக்கல் இருக்கலாம், அறச் சிக்கல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தொழிலாளர் இழப்பீட்டை மட்டுமாவது எல்லோருக்கும் தர வேண்டும். விளையாட்டுக் காலம் முடிந்து இரண்டு ஆண்டுகள் வரை காயச் செலவை ஏற்கும் காப்பீட்டைச் சங்கம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. முழங்கால் தேய்மானமும் தலைக்காயத்தின் பின்விளைவும் இரண்டு ஆண்டுகளுக்குள் வெளிப்பட்டுவிடும் என்று எந்த மருத்துவரும் உறுதி சொல்லமாட்டார்.

கேள்வி: மகன் டென்னிஸ் ஆடுகிறான். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவித்தொகையோடு சேர விரும்புகிறான். இந்தப் புதிய பணம் அவனுக்கும் கிடைக்குமா? (தந்தை, கோவை)

பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். டென்னிஸ் வருமானம் தரும் விளையாட்டாக அங்கே கருதப்படுவதில்லை. மாணவர் விசாவில் செல்பவருக்கு இன்னொரு தடையும் உண்டு. எஃப்-1 விசாவில் இருப்பவர் கல்விக் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வெளியில் அனுமதியின்றி வேலை செய்தால் விசாவே போகும். விளம்பரத்தில் நடிப்பது வேலையா என்பது தெளிவாகாததால் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களைத் தயங்கவே சொல்கின்றன. கெண்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் ஆடிய காங்கோ நாட்டவர் ஆஸ்கர் ஷிப்வே, அணி 2022இல் பஹாமாஸ் சென்றபோது அமெரிக்க மண்ணுக்கு வெளியே வைத்து விளம்பர வேலைகளை முடித்தார். அதைப் பார்த்து நீங்களாக எதையும் செய்ய வேண்டாம். குடிவரவுச் சட்டம் அறிந்த வழக்கறிஞரைக் கேளுங்கள்.

உதவித்தொகையில் நல்ல மாற்றம் வந்திருக்கிறது. முதல் பிரிவு ஆடவர் டென்னிஸ் அணிக்கு முன்பு நாலரைப் பேருக்கு ஈடான உதவித்தொகைதான். அதைப் பலருக்குப் பிய்த்துக் கொடுத்தார்கள். உடன்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் இப்போது அணியின் பத்துப் பேருக்கும் முழுமையாகத் தரலாம். சென்னையில் பயின்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 ஆண்டுகளில் தேசிய ஒற்றையர் பட்டம் வென்ற வழி இன்னும் திறந்தே இருக்கிறது; மதுரைக்காரரான தக்‌ஷிணேஷ்வர் சுரேஷும் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்.

சேருமுன் வெளியூர்த் தொடர்களில் கிடைக்கும் பரிசுப் பணத்தை வாங்குவதற்கு முன் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். வட கரோலினாவின் ரீஸ் பிராண்ட்மையர், அமெரிக்க ஓப்பனில் வென்ற பணத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்ததை எதிர்த்து 2024இல் வழக்குத் தொடுத்தார். அதன் பின் இவ்விதிகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. பயிற்சியாளர் தொலைபேசியில் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், கையெழுத்திடுமுன் மூன்று செய்திகளை எழுத்தில் வாங்குங்கள்: உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு, காயத்தால் ஆட முடியாமல் போனாலும் படிப்பு முடியும் வரை அது தொடருமா, அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், அவன் படிப்பை முடித்துக் கோவைக்குத் திரும்பிய பிறகும், செலவை யார் ஏற்பார். மூன்றாவதற்குத் தெளிவான விடை தராத பல்கலைக்கழகத்தில், அது எவ்வளவு புகழ்பெற்றதாயினும், நான் என் வீட்டுப் பிள்ளையைச் சேர்க்கமாட்டேன்.